இடக்கைக் கத்தரிக்கோல்

ஜூன் 10, திங்கள்

பள்ளி திறந்தாயிற்று. விடுமுறையில் யாரோ தண்ணீர்க் குழாயைத் திருகிக்கொண்டு போய்விட்டார்கள். தொட்டியைக் கழுவ ஆள் பிடிப்பதற்குள் மதியமாகிவிட்டது. ஒன்றாம் வகுப்பில் மூன்று பேர் புதிதாகச் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களையும் சேர்த்து ஊத்துப்பாளையம் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் இருபத்தேழு குழந்தைகள், இரண்டே ஆசிரியர்கள். நான்காம், ஐந்தாம் வகுப்புகளும் தலைமையாசிரியர் நாற்காலியும் எனக்கு. மற்ற மூன்று வகுப்புகளும் ஹசீனாவுக்கு. போன வருடம்தான் வேலைக்கு வந்தவள். எதற்கெடுத்தாலும் சிரிப்பாள். எனக்கு அது இன்னும் பழகவில்லை.

ஜூன் 18, செவ்வாய்

கூரியர்க்காரர் பெரிய அட்டைப்பெட்டி ஒன்றை இறக்கிவிட்டுப் போனார். நாங்கள் எதற்கும் சொல்லி அனுப்பவில்லை.

பிரித்தோம். படக்கதைப் புத்தகங்கள், மரத்தில் வெட்டிய எழுத்துகள், மணிகள் கோத்த எண்சட்டங்கள், சின்னச் சின்ன பூதக்கண்ணாடிகள், கைக்குள் மாட்டி ஆட்டும் துணிப்பொம்மைகள். பாதி புதுசு. பாதி பழசு, ஆனால் நன்றாகத் துடைத்து வைத்தது. அனுப்பியவர் பெயர் இல்லை. ஒரு செல்போன் எண் மட்டும். குழந்தைகள் இவற்றை வைத்துப் படிப்பதைப் படம் எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்பினால் மகிழ்ச்சியாம்.

இத்தனை வருட சர்வீஸில் சும்மா கொடுத்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை. நோட்டு கொடுத்த பனியன் கம்பெனி அட்டையில் தன் பெயரை அடித்துத்தான் கொடுத்தது. மின்விசிறி கொடுத்தவர் இறக்கையில் பெயர் எழுதினார். சுற்றும்போது தெரியாதே என்று யாரோ சொன்னதும், ஸ்விட்ச் போர்டுக்கு மேலே இன்னொரு தடவை எழுதிவிட்டுப் போனார். அவர்களிடம் பயமில்லை. என்ன வேண்டும் என்று தெரிந்துவிடுகிறது. பெயரே போடாமல் கொடுத்துவிட்டுக் குழந்தைகளின் படம் கேட்கிறவரை என்னவென்று எடுத்துக்கொள்வது?

பீரோவில் வைத்துப் பூட்டினேன்.

ஜூன் 24, திங்கள்

ஹசீனா மூன்றாவது முறையாகக் கேட்டுவிட்டாள். "எடுக்கலாமா மேடம்?" பார்க்கலாம் என்றேன்.

பள்ளிக்குப் பின்னால் பனியன் கம்பெனியின் புது ஷெட் எழும்பிக்கொண்டிருக்கிறது. எங்கள் விளையாட்டு இடத்தை அந்த முதலாளி இரண்டு முறை நின்று பார்த்துவிட்டுப் போனதை நான் கவனித்திருக்கிறேன். முதலில் பெட்டி வரும், பிறகு ஆள் வரும் என்று ஹசீனாவிடம் சொன்னேன். "வந்தா வரட்டுமே மேடம், அதுக்குள்ள புள்ளைங்க படிச்சிருக்குமே" என்கிறாள்.

ஜூன் 27, வியாழன்

பல்லடத்தில் தலைமையாசிரியர் கூட்டம். திரும்பி வரும்போது மணி மூன்று. வேப்பமரத்தடியில் ஒரே கூச்சல். ஒன்றாம் வகுப்புக் குழந்தைகள் கவிழ்ந்து படுத்துக்கொண்டு பூதக்கண்ணாடியில் எறும்பு பார்க்கிறார்கள். "டீச்சர், எறும்புக்கு மீசை இருக்குதுங்!"

சாவி என் மேசை டிராயரில் இருந்ததாம். எடுத்துத் திறந்துவிட்டிருக்கிறாள். ஹசீனாவை எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். அவள் சிரிக்கவில்லை. கொஞ்ச நேரம் நிம்மதியாகத்தான் இருந்தது.

உள்ளே மௌலி மணிச்சட்டத்தோடு உட்கார்ந்திருந்தான். மூன்றாம் வகுப்பு. கூட்டலில் மீதி எடுத்துப்போடத் தெரியாமல் ஒரு வருடமாக அழுகிற பிள்ளை. கம்பியில் ஒன்பது மணிகளோடு இன்னொன்றைத் தள்ளினான். கம்பி நிறைந்தது. நிறைந்ததையெல்லாம் பின்னுக்குத் தள்ளிவிட்டு, அடுத்த கம்பியில் ஒரே ஒரு மணியை நகர்த்தினான். என்னைப் பார்த்து, "பத்துப் பேரு சேந்தா ஒரு பெரியாளு ஆயிர்றாங்க டீச்சர்" என்றான்.

ஒரு வருடமாக இதைத்தானே கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தோம்.

பீரோவைப் பூட்டவில்லை. இரண்டு நாள் பார்க்கலாம் என்றுதான்.

ஜூன் 30, ஞாயிறு

என் மகள் கார்த்திகா போன் செய்திருந்தாள். துணி ஊறவைத்திருந்தேன். எடுக்கவில்லை.

ஜூலை 3, புதன்

சுபிக்ஷா பேசினாள்.

இதை எழுதியே ஆக வேண்டும். மூன்றாம் வகுப்புப் பெண். ஒன்றாம் வகுப்பில் இருந்தபோது அவள் அம்மா வீட்டைவிட்டுப் போனாள். லாரி டிரைவரோடு போய்விட்டதாக ஊரில் பேச்சு. அன்றிலிருந்து இந்தப் பெண் வகுப்பில் வாயைத் திறந்ததில்லை. கேட்டால் தலையை மட்டும் ஆட்டுவாள். இன்று ஹசீனா முயல் பொம்மையைக் கையில் மாட்டிவிட்டாள். முயல்தான் முதலில் பேசியது. "எனக்குப் பசிக்குது" என்றது. குழந்தைகள் சிரித்தார்கள். முயல் கோபித்துக்கொண்டு திரும்பி நின்றது. பிறகு படப்புத்தகத்தில் ஒரு வரியை எழுத்துக்கூட்டிப் படித்தது.

ஹசீனா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். எனக்கு அப்படியெல்லாம் வராது. ஆனால் அந்தச் சந்தோஷத்தில் ஒரு காரியம் செய்துவிட்டேன். எல்லாக் குழந்தைகளையும் நிறுத்தி ஒரு படம் எடுத்து அந்த எண்ணுக்கு அனுப்பினேன்.

ஒரு நிமிடம்கூட ஆகவில்லை, பதில் வந்துவிட்டது. "நன்றி. எல்லாரும் நல்லா சாப்பிடுறாங்களா?"

என்ன கேள்வி இது? புத்தகம் பிடித்ததா என்று கேட்கலாம். கணக்கு வருகிறதா என்று கேட்கலாம். சாப்பிடுகிறார்களா என்று ஒரு வெளியாள் ஏன் கேட்க வேண்டும்?

ஜூலை 5, வெள்ளி

சத்துணவுக்கு வந்த முட்டையில் நான்கு உடைந்திருந்தது. கழிப்பறைத் தாழ்ப்பாள் மாற்றியாயிற்று. அந்த எண்ணிலிருந்து வேறு தகவல் இல்லை. வாட்ஸ்அப் முகப்புப் படமாக ஒரு செம்பருத்திப் பூ. ஆண், பெண் எதுவும் தெரியவில்லை.

ஜூலை 22, திங்கள்

இரண்டாவது பெட்டி. வண்ணக் காகிதம், பசை, குழந்தைகளுக்கான முனை மழுங்கிய கத்தரிக்கோல்கள். கடைசி பாடவேளையில் வட்டம் வெட்டச் சொன்னோம். இரண்டு கத்தரிக்கோல் மட்டும் வெட்டவில்லை. காகிதத்தை மடித்து மடித்துக் கடித்தன. ஓட்டை சாமானை எங்கள் தலையில் கட்டியிருக்கிறார்கள் என்றேன். ஹசீனா திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"ஓட்டை இல்ல மேடம். இது இடதுகைக்காரங்களுக்கு செய்யுறது."

பள்ளியில் இடக்கைக்காரன் மௌலி ஒருவன்தான். அவன் ஒன்றை எடுத்துக்கொண்டான். இன்னொன்று மேசையில் கிடந்தது. சுபிக்ஷா எழுந்து வந்தாள். யாரையும் கேட்கவில்லை. அதை இடக்கையில் எடுத்துக்கொண்டு போய் உட்கார்ந்து வெட்டினாள். அச்சில் வார்த்த மாதிரி வட்டம்.

அவள் வலக்கையில்தானே எழுதுகிறாள்! அப்புறம்தான் ஞாபகம் வந்தது. பள்ளியில் சேர்த்த புதிதில் அவள் அத்தை பழனாத்தாள் வந்து, "நொட்டாங்கையில தொட்டா வெரல் மொளியை அடிங்க டீச்சர்" என்று சொல்லிவிட்டுப் போனாள். நாங்கள் அடிக்கவில்லை. வீட்டில் பழக்கிவிட்டார்கள் போலிருக்கிறது.

போனை எடுத்துப் பார்த்தேன். நான் அனுப்பிய படத்தில் எல்லாரும் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார்கள். இங்கே யாருக்கோ இடக்கை என்பது அந்த ஆளுக்கு எப்படித் தெரியும்? ஒரு குழந்தையை உற்றுக் கவனிக்கிற யாரோதான் இந்தப் பெட்டிகளை அனுப்புகிறார்கள்.

ஜூலை 23, செவ்வாய்

வாசல் கேட்டைப் பள்ளி நேரத்தில் பூட்டி வைக்கச் சொல்லிவிட்டேன்.

ஆகஸ்ட் 7, புதன்

யாரைக் குறிவைத்து என்று தெரிந்தாக வேண்டும். போன வாரம் மௌலியைத் தண்ணீர் கொண்டுவர அனுப்பிவிட்டு ஒரு படம் எடுத்து அனுப்பினேன். "நன்றி" என்று மட்டும் வந்தது. இன்று சுபிக்ஷாவைச் சாக்பீஸ் எடுத்துவர அனுப்பிவிட்டு எடுத்தேன்.

உடனே பதில். "இன்னிக்கு யாராவது லீவா? யாருக்காவது காய்ச்சலா?"

அந்த எண்ணுக்குப் போன் செய்தேன். எடுத்தார்கள். பேசவில்லை. மூச்சுச் சத்தம். பின்னால் சின்னக் குழந்தைகள் அழுகிற சத்தம், ஒன்றிரண்டு அல்ல, நிறைய. நான் "யாருங்க?" என்றதும் வைத்துவிட்டார்கள்.

இனி மாலையில் சுபிக்ஷாவைத் தனியாக அனுப்பக் கூடாது. நானே அவள் வீட்டுத் தெருமுனை வரை கொண்டுபோய் விட்டேன். வழியெல்லாம் படித்துக்கொண்டே வந்தாள். கடைப் பலகை, சுவர் விளம்பரம், பஸ்ஸின் நெற்றி எதையும் விடவில்லை. வகுப்பில் இப்போது இடக்கையில்தான் எழுதுகிறாள். எழுத்து உட்கார்ந்துவிட்டது. ஹசீனாவுக்கே திகைப்பு. மூன்றாம் வகுப்பில் இவளுக்குத்தான் வாசிப்பு வேகம் அதிகமாம்.

ஆகஸ்ட் 9, வெள்ளி

ஹசீனாவிடம் நேராகவே கேட்டேன். "உனக்கு யாராவது தெரிஞ்சவங்களா? நீதான் உள்ள நடக்கறதைச் சொல்றியா?"

"என்னையுமா மேடம்?" என்றாள். பிறகு நாள் முழுவதும் என்னோடு பேசவில்லை. மதியம் தன் டப்பாவிலிருந்து எனக்கு வைக்கிற ஊறுகாயை மட்டும் வழக்கம்போல வைத்தாள்.

போலீசுக்குப் போகலாமா என்று பார்த்தேன். என்னவென்று சொல்வது? புத்தகம் அனுப்புகிறார்கள் என்றா?

ஆகஸ்ட் 17, சனி

கோயம்புத்தூர் போய் வந்தேன். பெட்டியில் கூரியர் ஆபீஸ் முத்திரை இருந்தது. சிங்காநல்லூரில் டவுன் பஸ் மாற வேண்டும். கார்த்திகா வீடு அங்கிருந்து நடக்கிற தூரம்தான் என்று கேள்வி. நேரமில்லை.

கூரியர் ஆபீஸ் பையன் பெட்டியின் படத்தைப் பார்த்ததும், "ஓ, ஆயாம்மாவா? அந்தச் சந்துக்குள்ள மழலைப் பள்ளி இருக்கு பாருங்க" என்றான்.

போகும்போது மனதுக்குள் என்னென்னவோ. ஒரு கும்பல் இருக்கும். ஓடிப்போன அம்மாக்காரியை முன்னால் நிறுத்திச் சுபிக்ஷாவைத் தூக்குகிற திட்டமாக இருக்கும். லாரிக்காரன் பின்னால் இருப்பான். அவனிடம் என்ன பேசுவது என்றுகூட ஒத்திகை பார்த்துக்கொண்டேன்.

லாரிக்காரன் யாரும் இல்லை. ஒரு பெண் வராந்தாவில் உட்கார்ந்து இரண்டு வயதுக் குழந்தை ஒன்றுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். இடக்கையால் உருட்டி உருட்டி. என்னைப் பார்த்ததும் கிண்ணத்தை வைத்துவிட்டு எழுந்தாள். மேகலா. சுபிக்ஷாவின் அம்மா. மகளை முதல் நாள் பள்ளிக்குக் கூட்டிவந்தபோது பார்த்த முகம், பாதியாக இளைத்திருந்தது.

"புள்ளைக்கு ஏதாச்சும் ஆயிருச்சுங்களா டீச்சர்?"

ஒன்றுமில்லை என்றேன். அதன்பிறகுதான் உட்கார்ந்தாள். இங்கே ஆயாவாக இருக்கிறாள். தங்குவதும் இங்கேயே, பின்னால் ஒரு அறையில். இந்தச் சாமான் எல்லாம் ஏது என்று கேட்டேன். கேட்ட தொனி எனக்கே நன்றாக இல்லை.

"திருடலீங் டீச்சர். வருசா வருசம் எங்க மேடம் பழசை ஒதுக்குவாங்க. கேட்டு வாங்கிக்குவேன். கத்தரிக்கோலு மட்டும் நான் கடையில தேடி வாங்குனது. ஒண்ணு வெச்சா தெரிஞ்சு போயிரும்னு ரெண்டா வெச்சேன்."

"உம் பொண்ணுக்குத்தானே? அவளுக்கு மட்டும் அனுப்பறதுக்கென்ன?"

"அவளுக்குன்னு அனுப்புனா அன்னைக்கே அடுப்புக்குள்ள போயிருமுங். அவ அத்தை விடமாட்டாங்க. பள்ளிக்கூடத்துக்கே அனுப்பிட்டா யாரும் கேக்க மாட்டாங்கல்லீங்? எல்லாப் புள்ளைகளும் தொடும். அதுல அவளும் ஒருத்தி தொடுவா."

ஊரில் சொல்கிறார்களே என்று ஆரம்பித்தேன்.

"சொல்லுவாங்க. அவரு ஒரு நாள் கை நீட்டுனாரு. அதைக்கூடப் பொறுத்துக்கிட்டேன். புள்ளை நொட்டாங்கையில சோறு திங்குதுன்னு அவங்கத்தை கரண்டியைக் காய வெச்சாங்க. நான் குறுக்க போனேன்." முழங்கைக்கு மேலே சேலையை விலக்கிக் காட்டினாள். "அன்னைக்குப் புள்ளையையும் தூக்கிட்டுத்தான் கெளம்புனேன். பஸ் ஸ்டாப்புல வந்து பறிச்சுக்கிட்டாங்க. மாரியம்மன் நோம்பிக்குப் பாக்க வந்தேன். ஊரே நின்னு வேடிக்கை பாத்துச்சு. நீங்களும் கோயில் வாசல்ல இருந்தீங்க டீச்சர்."

இருந்தேனா? கூட்டமாக இருந்தது.

திரும்பும்போதும் சிங்காநல்லூரில் பஸ் மாறினேன். தலைவலி.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

அவள் சொன்னதெல்லாம் உண்மையாகத்தான் இருக்க வேண்டுமா? ஒரு பக்கம்தானே கேட்டிருக்கிறேன்.

அன்று சுபிக்ஷா இடக்கையால் வட்டம் வெட்டியது இன்று காலை ஏனோ திரும்பத் திரும்பக் கண்ணில் வந்தது.

ஆகஸ்ட் 30, வெள்ளி

பழனாத்தாள் பள்ளிக்கு வந்து சத்தம் போட்டாள். "நோட்டைப் பாத்தா நொட்டாங்கை எழுத்து. யாரு பழக்குனது? ஆருங் இந்த வெளையாட்டுச் சாமானெல்லாம் குடுக்கறது?"

"நல்ல மனசுக்காரங்க யாரோ" என்றேன்.

"பேரில்லாத மனசா? எனக்கு என்னமோ சரியாப் படலீங். புள்ளையை இங்கிலீசு பள்ளிக்கூடத்துல போடறோம்."

அப்படியே என் குரல். இரண்டு மாதமாக நான் பேசிக்கொண்டிருந்ததை இவள் வாயால் கேட்டேன். சுபிக்ஷா வாசல் ஓரம் முயலைக் கையில் மாட்டியபடி நின்றாள். முயல் வாயைத் திறக்கவில்லை. அவளும்தான்.

செப்டம்பர் 11, புதன்

மாலை எல்லாரும் போன பிறகு அவள் அப்பா வேலுச்சாமி வந்தான். தறி ஓட்டுகிற ஆள். தலை, புருவம் எல்லாம் பஞ்சு. சண்டைக்குத்தான் வந்திருக்கிறான் என்று ஹசீனாவைப் போகவிடாமல் நிறுத்திக்கொண்டேன். அவன் உட்காரவில்லை. கொஞ்ச நேரம் பூதக்கண்ணாடியை எடுத்துத் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"ஏனுங் டீச்சர், அடுத்த பெட்டி எப்பங் வரும்?"

எனக்குப் புரியவில்லை.

"கத்தரிக்கோலு வந்தன்னைக்கே தெரியுமுங். பாப்பா வந்து சொல்லுச்சு. பாப்பாவோட அம்மாவுக்கும் நொட்டாங்கைங்க. சமையக்கட்டுல கத்தரிக்கோலு சரிப்படலைன்னு என்னையத்தான் வெட்டிக் குடுக்கச் சொல்லுவா." நிறுத்தினான். "அக்காளுக்குத் தெரிஞ்சா ஊரைக் கூட்டிரும். அதான் தெரியாத மாதிரியே இருந்துட்டேன். பாப்பா இப்ப ஊட்டுல பேசுதுங். கதை படிச்சுக் காட்டுது. ரெண்டு வருசமா ஊமையா இருந்த புள்ளைங்."

"அந்த லாரி டிரைவர் கதை?"

"அதெல்லாம் ஒண்ணுமில்லீங். கேட்டவங்ககிட்ட இல்லைன்னு நான் சொல்லலை. நான் கை நீட்டுனது அதுக்குள்ள மறைஞ்சு போயிருச்சு."

ஹசீனா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். எனக்கு வந்த கோபத்துக்கு மணிச்சட்டத்தை எடுத்து அடித்திருப்பேன். அடிக்கவில்லை. பல்லடம் கோர்ட்டில் இலவச சட்ட உதவி மையம் இருக்கிறது, இரண்டு பேரையும் உட்காரவைத்துப் பேசுவார்கள், அங்கே வந்து இதை அப்படியே சொல்லுவாயா என்று கேட்டேன். பூதக்கண்ணாடியை மேசையில் வைத்தான். பிறகு, "பாப்பாவைப் பள்ளிக்கூடம் மாத்த மாட்டேனுங்" என்றான்.

இதை வைத்துக்கொண்டு ஆரம்பிக்க வேண்டியதுதான்.

அக்டோபர் 16, புதன்

மையத்துக்கு மூன்றாவது தடவை. இன்று முடிந்தது. அடுத்த மாதம் முதல், மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, பள்ளியில், என் முன்னிலையில் அம்மா மகளைப் பார்க்கலாம். மற்றதெல்லாம் பிறகு. வேலுச்சாமி சொல்ல வேண்டியதைச் சொன்னான். தரையைப் பார்த்துத்தான் சொன்னான், ஆனாலும் சொன்னான். பழனாத்தாள் வெளியே மரத்தடியில் நின்று மண்ணை வாரித் தூற்றினாள்.

மேகலாவும் முழுதாக நம்பவில்லை. "அந்நேரத்துக்குப் பேச்சை மாத்திர மாட்டாங்கல்லீங் டீச்சர்?" என்று பஸ் ஏறும்வரை கேட்டாள். மாற்றமாட்டார்கள் என்றேன். எனக்கே சந்தேகம்தான்.

ஹசீனாவிடம் கார்த்திகாவுக்கு ஆறாம் மாதம் என்று சொன்னேன். எதற்குச் சொன்னேன் என்று தெரியவில்லை. அவள் ஒன்றும் கேட்கவில்லை.

நவம்பர் 10, ஞாயிறு

சிங்காநல்லூர் போய் வந்தேன். நல்ல மழை.

நவம்பர் 16, சனி

காலையிலேயே வகுப்பறையைப் பெருக்கி வைத்திருந்தேன். வேலுச்சாமி மகளை வாசலில் விட்டுவிட்டு, அந்தப் பக்கம் திரும்பாமல் போய்விட்டான். வரமாட்டாள் என்றுதான் நினைத்தேன். சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே மேகலா வந்துவிட்டாள், முதுகில் தோள்பையோடு.

ஓடிப்போய்க் கட்டிக்கொள்வாள் என்று எதிர்பார்த்தேன். சுபிக்ஷா நகரவில்லை. அம்மாவை மேலும் கீழுமாகப் பார்த்தாள். பிறகு என் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"இவங்க எப்பப் போவாங்க டீச்சர்?"

மேகலாவுக்குக் கேட்டுவிட்டது. முகம் வாடியது. என்ன சொல்வது என்று தெரியாமல், "அம்மாவுக்கு ஒரு கதை படிச்சுக் காட்டு, அது முடிஞ்சதும் சாப்பிடலாம், அப்புறம் போவாங்க" என்று சொல்லிவிட்டேன்.

அலமாரியிலேயே தடிமனான புத்தகமாகப் பார்த்து எடுத்துக்கொண்டு வந்து அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தாள். ஆரம்பித்தாள்.

"ஒ... ரு... கா... ட்... டி... ல்..."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. பஸ் போர்டைப் பஸ் போகிற வேகத்தில் படிக்கிறவள்! ஒன்றாம் வகுப்புக் குழந்தை மாதிரி ஒவ்வொரு எழுத்தாக விரல் வைத்து நகர்த்துகிறாள். ஒரு வரி முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து. பதற்றத்தில் மறந்துவிட்டாள் போலிருக்கிறது, அம்மா முன்னால் இப்படிப் படித்தால் நாங்கள் சொல்லிக்கொடுத்ததெல்லாம் என்னாவது என்று பக்கத்தில் போனேன். "நல்லாப் படிப்பியே கண்ணு, வேகமாப் படி."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். பயந்த பார்வை இல்லை. பேசாமல் இரு என்கிற பார்வை. அதோடு, மேகலாவின் தோளிலிருந்து இறங்காத அந்தப் பையையும் ஒரு தடவை பார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்து, இன்னும் மெதுவாக, அடுத்த எழுத்தில் விரலை வைத்தாள்.

மேகலா பையைக் கழற்றிக் கீழே வைத்தாள்.

நான் வெளியே வந்து படியில் உட்கார்ந்தேன். மதியம் தாண்டியும் அவர்கள் மூன்றாம் பக்கத்தில்தான் இருந்தார்கள்.